மீதி ஆறு சதவீதம்

நெடுங்கண்மாய் அரசு உயர்நிலைப் பள்ளியில், ஜூன் மாதத்து ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், சுண்டலும் டீயும் வைத்துக்கொண்டு ஆசிரியர்கள் எல்லாரும் உட்கார்ந்து அந்த வருஷத்துக்கான கற்றல் இலக்குகளைத் தீட்டி, பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கு நேராகத் தொண்ணூற்று நான்கு சதவீதம் என்று ஆசிரியர் அறைக் கரும்பலகையில் எழுதி, கையில் ஒட்டிய சாக்பீஸ் தூசியை உதறிவிட்டு வீட்டுக்குப் போனோம். மறுநாள் காலை மணியடித்துப் பத்தாம் வகுப்புக்குள் போனால், கடைசி பெஞ்சுக்குப் பின்னால் சுவரோரமாக மூன்று வெள்ளைக் கொக்குகள் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தன.

கொக்கு எங்கள் ஊருக்குப் புதிதில்லை. கண்மாயில் தண்ணீர் கிடக்கிற காலத்தில் மடையோரம், வரப்போரம், மாட்டு முதுகு என்று எங்கு பார்த்தாலும் கொக்குதான். அதனால் பிள்ளைகள் யாரும் கத்தவில்லை, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும்தான் சந்தேகப்பட்டேன். எனக்கு அது பிறவிக்குணம். பால்காரர் ஊற்றுகிற பாலை விரலால் தொட்டுப் பார்க்காமல் நான் வாங்கினதில்லை. ‘பெத்தவங்ககிட்டயே ரேஷன் கார்டைக் காட்டுங்கன்னு கேட்டிருப்பீங்க தவமணி சார்’ என்று என் மனைவியே என்னை சார் போட்டுக் கேலி செய்வாள். கண்மாய் வற்றி வெடித்துக் கிடக்கிற ஜூன் மாதத்தில், மீனும் இல்லாத நண்டும் இல்லாத வகுப்பறையில் இவற்றுக்கு என்ன வேலை என்று யோசித்துக்கொண்டேதான் அன்றைய அறிவியல் பாடத்தை நடத்தினேன்.

எங்கள் ஊரில் இலக்கு எழுதுகிற முறையை இங்கே சொல்லிவிட வேண்டும். போன வருஷத் திட்டத்தை எடுத்து வைத்துக்கொள்வோம். ‘மாணவர்களின் வாசிப்புத் திறன் மேம்படும், நற்பண்புகள் வளரும், தன்னம்பிக்கை பெருகும்’ என்கிற வரிகளை அப்படியே விட்டுவிட்டு வருஷத்தை மட்டும் மாற்றுவோம். தேர்ச்சி சதவீதத்தில் இரண்டைக் கூட்டுவோம். போன வருஷம் தொண்ணூற்றிரண்டு என்றால் இந்த வருஷம் தொண்ணூற்று நான்கு. ஒன்று கூட்டினால் சோம்பேறித்தனம் என்பார்கள் கல்வி அலுவலகத்தில், மூன்று கூட்டினால் பேராசை என்பார்கள். நூறு மட்டும் எழுதவே கூடாது. நூறு எழுதிவிட்டால் அடுத்த வருஷம் இரண்டு கூட்டுவதற்கு எங்கே இடம் இருக்கிறது? அதையும் மீறி எழுதி, ஒரு பிள்ளை தவறிப்போனதற்காகக் கூட்டத்தில் எழுந்து நிற்க வைக்கப்பட்ட தலைமையாசிரியர்களின் கதைகள் எங்கள் பக்கத்தில் பேய்க்கதை மாதிரி உலவிக்கொண்டிருந்தன.

கொக்குகள் யாரையும் கொத்தவில்லை, எச்சமிடவில்லை, இறக்கையை விரித்துக்கூடக் காட்டவில்லை. பெஞ்சுக்கு நடுவில் மெல்ல நடந்து வந்து, ஒரு பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்று, ஒரு காலை மடக்கிக்கொள்ளும், அவ்வளவுதான். அது நிற்கிற வரைக்கும் அந்தப் பிள்ளைக்குப் படித்தது எதுவும் மண்டையில் தங்காது. தங்காது என்றால், மறந்துபோவதில்லை, வந்த இடமே தெரியாமல் போய்விடும். ஏழாம் வாய்ப்பாட்டைத் தூக்கத்தில் சொல்லுகிற பையன், கொக்கு பின்னால் வந்து நின்றதும், ஏழு என்றால் என்ன சார் என்று கேட்டான்.

இரண்டாவது வாரத்தில் கணக்கு வாத்தியார் ஹாஜா மைதீன் டீக்கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “சார், அம்பது பேருல ஆறு சதவீதம் எத்தனை?” என்று கேட்டார்.

“மூணு,” என்றேன். தலைமையாசிரியை ஞானசௌந்தரி மேடம் எழுந்து போய்க் கரும்பலகையில் இருந்த தொண்ணூற்று நான்கை அழித்துவிட்டுத் தொண்ணூற்றாறு என்று எழுதினார். மறுநாள் காலையில் இரண்டு கொக்குகள்தான் இருந்தன. தற்செயலாக இருக்கலாம் என்று நான் சொன்னேன். அப்படியா என்று அவர் தொண்ணூறு எழுதினார், மறுநாள் ஐந்து கொக்குகள் நின்றன. பெற்றோர்கள் பள்ளி வாசலுக்கு வந்து கூச்சல் போட்டதால் மறுபடியும் தொண்ணூற்று நான்கையே எழுதி வைத்தோம். அலுவலகத்துக்கு அனுப்பின திட்டத்தில் அந்த எண்தான் இருந்தது, ஆய்வுக்கு யாராவது வந்தால் இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

ஊர் இதை எப்படி ஏற்றுக்கொண்டது என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். ஊர் எதைத்தான் ஏற்றுக்கொள்ளவில்லை? முதல் வாரம் வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாவது வாரம் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள், கொக்குத் தலையில் வெண்ணெயை வைத்துப் பிடிக்கிற யோசனை உட்பட. மீன் வலையைக் கொண்டுவந்து வீசினார்கள். வலை தரையில் விழுந்தது, கொக்குகள் நின்ற இடத்தில் நின்றன. மூன்றாவது வாரம் யாரோ ஒரு புண்ணியவான், கருவாட்டு வாசனை வருகிற பக்கம் கொக்கு நகர்கிறது என்று கண்டுபிடித்தார். அன்றோடு ஊர் நிம்மதி போயிற்று.

வியாழக்கிழமைச் சந்தையில் கருவாடு காலை பத்து மணிக்கே தீர்ந்தது. மீன் நாற்றம் பட்டால் வாந்தியெடுக்கிற வீட்டார்கூட முந்தானையில் முடிந்துகொண்டு போனார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் பையில், பென்சில் டப்பாவில், சைக்கிள் கூடையில், சட்டைக் காலருக்குள்ளே என்று நெத்திலியும் வாளையும் இரவோடிரவாக இடம் மாறின. சாயங்காலம் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் ‘இன்னைக்கு என்ன படிச்ச’ என்று கேட்ட தாய்மார்கள் இப்போது பையை வாங்கிக் கவிழ்த்து மோந்து பார்த்தார்கள். பத்து வருஷமாக ஒரே டிபன் பாக்ஸில் கை வைத்துத் தின்ற பிள்ளைகள் தனித்தனியாக உட்கார்ந்து மூடியை மறைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். சம்பந்தம் பேசி முடித்திருந்த இரண்டு வீட்டார் ஒரு துண்டு சீலாக் கருவாட்டினால் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். நானும் யாரையும் விட்டு வைக்கவில்லை. தமிழாசிரியையின் தங்கை மகன் அந்த வகுப்பில் இருந்ததால் அவரைச் சந்தேகப்பட்டேன், தினமும் கைப்பையோடு வந்ததால் சத்துணவு அமைப்பாளரைச் சந்தேகப்பட்டேன், ஒரு நாள் என் சட்டைப் பையையே மோந்து பார்த்துக்கொண்டேன்.

காலாண்டுத் தேர்வு வரைக்கும் கொக்குகள் இடம் மாறிக்கொண்டே இருந்தன. பூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அதில் ஒன்று சங்கவியின் பின்னால் நின்றது; அதற்குப் பிறகு நகரவே இல்லை.

சங்கவி எங்கள் பள்ளியின் முதல் மதிப்பெண் பிள்ளை. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கிற விஜயாவின் ஒரே மகள். அப்பா இல்லை. அவள் பதினொன்றாம் வகுப்புக்கு டவுனில் சேர்ந்து, பிறகு நர்சிங் படிக்க வேண்டும் என்று தாயும் மகளும் முடிவு செய்து வைத்திருந்தார்கள். பத்தாம் வகுப்பில் தவறினால் அவளைத் தன் பையனுக்குக் கட்டிக்கொள்ளத் தாய்மாமன் ஒருவர் தயாராக இருந்தார், அதையும் ஊரே அறியும். பையைக் கவிழ்த்தார்கள், பாவாடை தாவணியைத் துவைத்தார்கள், தலைமுடியைச் சீயக்காய் போட்டு அலசினார்கள். எங்கேயும் கருவாடு இல்லை. கொக்கு மட்டும் நின்றது. கொக்கு வராத வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய் ஓம் விதியைக் கேட்டேன். கணக்கோடு சேர்த்து ஒப்பித்தாள். வகுப்புக்குள் வந்து அதே கேள்வியைக் கேட்டேன்.

“தெரியல சார்,” என்றாள். “சொன்னேன்ல சார் இப்ப? என்ன சொன்னேன்?”

அதற்குமேல் நான் அவளைக் கேள்வி கேட்கவில்லை. டிசம்பர் மாதத்தில் கொக்கு வேப்பமரத்தடிக்கும் வந்தது, பிறகு தையல் கடை ஓட்டின்மேலும் வந்து நின்றது. அரையாண்டில் அவள் மூன்று பாடத்தில் தவறினாள்.

கொக்கை அவள் பக்கம் திருப்பியது பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் கதிரேசன்தான் என்று நான் உறுதியாக நம்பினேன். பூஜை விடுமுறைக்கு முன்னால் அது அவர் மகனுக்குப் பின்னால்தான் நின்றது. ஆனால் அத்தாட்சி எதுவும் கிடைக்கவில்லை. என்னை அவர் அதைவிட அதிகமாகச் சந்தேகப்பட்டார் என்று பின்னால் தெரியவந்தது.

ஜனவரியில் பொங்கல் கழிந்து பெற்றோர் கூட்டம் போட்டோம். பெரிய ஹாலில் உட்கார இடமில்லை. கதிரேசன் எழுந்து மைக்கைப் பிடித்தார்.

“எல்லாரும் கோவப்படாமக் கேளுங்க. மூணு பேரு போகத்தான் போறாங்க. போன வருஷமும் போனாங்க, அதுக்கு முந்தியும் போனாங்க, யாரு கேட்டா? அதுனால நான் என்ன சொல்றேன்னா, எப்படியும் படிப்பு ஏறாத பிள்ளைக மூணு பேரு பின்னாடி அதுக நின்னுட்டுப் போகட்டும். நாமளே பேசி முடிச்சுக்குவோம். நல்லாப் படிக்கிற பிள்ளையாவது தப்பிக்கட்டும்.”

நியாயந்தானே என்று தலைகள் ஆடின. நானும் ஆட்டினேன், சங்கவியை நினைத்து.

“சரிப்பா, யாரு அந்த மூணு பேரு?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

ஆடின தலைகள் நின்றன. எல்லாரும் எல்லாருடைய முகத்தையும் பார்த்தார்கள்.  பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு பெயர் மெதுவாக வந்தது, அதற்குப் பதிலாக ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு பெயர் பலமாக வந்தது, அப்புறம் பெயர்கள் கல்லெறி மாதிரி நாலாபக்கமும் பறந்தன. யார் வீட்டுப் பிள்ளை திக்குவாய், யார் வீட்டுப் பிள்ளைக்குக் கண் தெரியாது, யார் வீட்டில் அப்பன் குடிகாரன் என்று அத்தனை வருஷமும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. ஒருவர் நாற்காலியைத் தூக்கினார். ஹாஜா மைதீன் போய் அதைப் பிடித்து இறக்கினார்.

“விஜயா, நீ சொல்லு,” என்றார் கதிரேசன். “உன் பிள்ளைக்காகத்தான் பேசுறேன்.”

விஜயா எழுந்தாள். தலைவருக்கு நன்றி சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தோம்.

“என் பிள்ளை பின்னாடி நிக்கிறத எடுத்து இன்னொருத்தி பிள்ளை பின்னாடி நிப்பாட்டிட்டு, நாளைக்கு அவ அளவு ஜாக்கெட்டத் தூக்கிட்டு வந்தா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாங்குறதுண்ணே?” என்றாள். பிறகு மேடைப் பக்கம் திரும்பினாள். “டீச்சர், ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். தொண்ணூத்தி நாலுன்னு எழுதையில யார விட்டுட்டு எழுதுனீங்க?”

ஞானசௌந்தரி மேடத்துக்கு அடுத்த வருஷம் மே மாதம் ஓய்வு. முப்பது வருஷத்துக்கு மேலான வேலையில் ஒரு விளக்கக் கடிதம்கூட எழுதாதவர். அந்தப் பெயரோடு வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை என்று எங்களுக்கெல்லாம் தெரியும். 

“யாரையும் நெனைச்சு எழுதலம்மா,” என்றார். “போன வருஷத்தோட ரெண்டு கூட்டுனேன்.”

விஜயா உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால் மேடம் தாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். எழுந்து ஆசிரியர் அறைக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம், எங்களுக்குப் பின்னால் ஊர் வந்தது. கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்தார். சாக்பீஸை எடுத்தார்.

“மேடம், ஆபீஸ்ல குடுத்த திட்டம்?” என்றார் ஹாஜா மைதீன்.

“திருத்தி அனுப்புறேன்.”

“காரணம் கேப்பாங்க மேடம்.”

“அம்பது பிள்ளைங்க இருக்காங்கன்னு சொல்றேன்.”

நூறு என்று எழுதினார். கடைசிச் சுழி கோணிக்கொண்டது. எல்லாரும் போன பிறகு அழித்துவிடுவார் என்று நான் சந்தேகப்பட்டு, பூட்டைப் பூட்டுகிற வரைக்கும் அங்கேயே நின்றேன். அவர் அழிக்கவில்லை. அதுவரை அவரைப் பயந்தாங்கொள்ளி என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்த நான் அன்றைக்கு மனசுக்குள்ளே கையெடுத்துக் கும்பிட்டேன்.

மறுநாள் காலை மூன்று கொக்குகளும் மடக்கியிருந்த காலைத் தரையில் ஊன்றின. ஒன்றன்பின் ஒன்றாக வகுப்பைவிட்டு இறங்கி, பிரேயர் நடந்துகொண்டிருந்த மைதானத்தின் நடுவே, அறுநூறு பிள்ளைகளும் கொடிக்கம்பமும் ஒதுங்கி வழிவிட்ட மாதிரி நடந்துபோய், சுற்றுச்சுவர் அருகே எழும்பிப் பறந்தன. சங்கவி வரிசையில் நின்றபடியே ஓம் விதியைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அதற்கப்புறம் நாங்கள் பட்ட பாடு தனி. நூறு என்று எழுதியாகிவிட்டது. ஏதாவது ஒரு காலையில் ஒரு கொக்கு திரும்பி வந்து நின்றுவிடுமோ என்ற பயத்தில், காலை ஏழரைக்கே வகுப்பைத் திறந்து, திக்குவாய்ப் பையனைப் பாட்டாகப் பாடவைத்துச் செய்யுளை மனப்பாடம் செய்வித்து, கண் சரியாகத் தெரியாத பிள்ளையை முதல் பெஞ்சுக்கு மாற்றிக் கண்ணாடி வாங்கிப் போட்டு, குடிகார அப்பனை வீட்டுக்குப் போய் மிரட்டிவிட்டு வந்து, இந்த மூன்று காரியத்தையும் ஜூன் மாதமே ஏன் செய்யவில்லை என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாமல் மார்ச் வரைக்கும் ஓடினோம். மே மாதம் முடிவு வந்தது. ஐம்பது பேரும் தேறியிருந்தார்கள். சங்கவி பள்ளியில் முதல் மதிப்பெண். கதிரேசன் மகன் கணக்கில் முப்பத்தாறு. கொக்கு போனதால் தேறினார்களா, நாங்கள் போட்டு உருட்டியதால் தேறினார்களா என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

ஜூன் முதல் வாரத்தில் அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வந்தார்கள். கொக்குகளைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்களாகச் சொன்னபோதும் ‘அது இருக்கட்டும்’ என்றார்கள். நூறைப் பற்றித்தான் கேட்டார்கள். தொண்ணூற்றிரண்டு எடுத்த பள்ளி அடுத்த வருஷமே எப்படி நூறு எடுக்கும்? தேர்வு அறையில் விடை சொன்னது யார்? நடுவில் இலக்கைத் திருத்தியது எதற்கு, முன்கூட்டியே ஏதாவது ஏற்பாடு இருந்ததா? தேறின பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பாடத்தில் கேள்வி கேட்டார்கள். பிள்ளைகள் பதில் சொன்னார்கள். பதில் சொன்னது அவர்களுடைய சந்தேகத்தை இன்னும் வளர்த்துவிட்டது. சந்தேகம் என்றால் என்ன என்று எனக்கே பாடம் எடுத்துவிட்டுப் போனார்கள்.

பத்தே நாளில் ஞானசௌந்தரி மேடத்துக்கு மாறுதல் வந்தது, நிர்வாகக் காரணம் என்று. ஓய்வுக்கு ஒரு வருஷம்கூட இல்லாத மனுஷியை, மலையடிவாரத்து மஞ்சனத்திப்பட்டிக்கு. அவர் ஒரு வார்த்தை முறையிடவில்லை. எங்கள் வழக்கப்படி நாங்கள் ஒரு வேன் பிடித்து, எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு, அவரைப் புதுப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வரக் கிளம்பினோம். விஜயாவும் சங்கவியும் பேருந்து நிறுத்தத்தில் வேனை நிறுத்தி அவருக்கு ஒரு புதுச் சேலை கொடுத்தார்கள். அவர் வழி நெடுக அதை மடியிலேயே வைத்திருந்தார்.

மஞ்சனத்திப்பட்டிப் பள்ளியில் பொறுப்பு ஆசிரியர் வாசலுக்கு வந்து பொன்னாடை போர்த்தினார். நல்ல மனுஷர், டீ சொன்னார், பள்ளியைச் சுற்றிக் காட்டினார். “இந்த வருஷ இலக்கு நீங்க வர்றதுக்கு முந்தியே எழுதி அனுப்பியாச்சு மேடம்,” என்றார் திருப்தியாக. “எழுபத்தெட்டு. போன வருஷத்தைவிட ரெண்டு கூட.”

பத்தாம் வகுப்புக்குள் நுழைந்ததும் ஐம்பது பிள்ளைகளும் எழுந்து வணக்கம் சொன்னார்கள். மேடம் வணக்கம் சொல்லக் கையைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்து நான் எண்ணினேன்: பதினொன்று. எங்கள் ஊரில் நின்ற கொக்குகள் மாதிரி இவை வெள்ளையாகவும் இல்லை. தூசியும் சாக்பீஸ் பொடியும் ஏறிப் பழுப்பாகி, சில கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தன. ஒன்றின் கழுத்தில் சாப்பாட்டுப் பை தொங்கியது.

“இது எத்தனை நாளா சார் இங்க நிக்குது?” என்றார் மேடம்.

“எது மேடம்?” என்று கேட்ட பொறுப்பு ஆசிரியர், வெளிச்சம் போதவில்லை என்று ஜன்னலைத் திறக்கப் போனார், போகிற வழியில் ஒரு கொக்கின் இறக்கையைத் திரைச்சீலையை விலக்குகிற மாதிரி கையால் ஒதுக்கிவிட்டுப் போனார்.

மேடம் கடைசி பெஞ்சுக்கு நடந்தார். ஓரத்தில் எண்ணெய் வழிய இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் பிள்ளை, பின்னால் நின்ற கொக்கின்மேல் வசதியாகச் சாய்ந்து நின்றது. மேடம் அந்தப் பிள்ளையின் தோளில் கை வைத்து, பெயரைக் கேட்டு, இது எத்தனை நாளாக நிற்கிறது என்று மெதுவான குரலில் மறுபடியும் கேட்டார்.

“இதா டீச்சர்?” என்று அந்தப் பிள்ளை திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தது. “இது எங்களுதுதான். எங்கக்கா படிக்கையிலயும் இதேதான் நின்னுச்சு. எங்கம்மா படிக்கையிலயும் இதேதான் நின்னுச்சாம்.”